சின்னஞ் சிறு பிள்ளையும் மோட்டார் ஆசனமும்

பிள்ளைக்கு உலகிலே மிகப் பாதுகாப்பான இடம் தாயின் மடியே என்பது நம் குருதியில் ஊறிய நம்பிக்கை. தொட்டிலில் உறங்க மறுக்கும் பிள்ளை மடியில் உறங்கும். மருந்தைத் துப்பும் பிள்ளை மடியிலிருந்தபடி அதை விழுங்கும். வீட்டினுள்ளே இந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆனால், அதே மடி ஓடுகின்ற மோட்டார் வண்டிக்குள்ளும் பிள்ளையைக் காக்கும் என்று எண்ணுவோமாயின், நமது அன்பே நம்மை ஏமாற்றிவிடும். இவ்வாரம் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளை, அவர்களுள்ளும் சிறப்பாக வயதுக்குச் சிறிய உடல்வாகுள்ளவர்களை, மோட்டார் வண்டியில் எவ்வாறு பொருத்தமாக இருத்துவது என்பதை ஆராய்வோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகமென்பது நம் நகரத் தெருக்களிற் கூடச் சாதாரணமாகக் காணப்படும் வேகமே. அவ்வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. வண்டி எதன்மீதாவது மோதி நின்றுவிட்டால், நிற்பது வண்டி மாத்திரமே. உள்ளே இருக்கும் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். பாடசாலையிற் பௌதிகம் பயிலும் மாணவர் இதனை நியூற்றனின் முதலாம் விதியென அறிவர். 10 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளையை ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரத்துள் நிறுத்துவதற்கு ஏறக்குறைய 1,400 நியூற்றன் விசை வேண்டும். அஃதாவது, 140 கிலோகிராம் நிறையைத் தூக்கிப் பிடிப்பதற்கு வேண்டிய வலிமை. நெல் மூட்டை இரண்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இரு கைகளால் ஏந்தக்கூடிய தாய் எவருமில்லை. தாயின் அன்பு எவ்வளவு பெரிதாயினும் அவளுடைய கைகள் அந்தக் கணத்தில் விரிந்தே தீரும்.

இன்னொரு விதமாகவும் இதனை விளங்கிக் கொள்ளலாம். அவ்வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், கைப்பிடிச் சுவரில்லாத விளிம்பிலே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார நம்மில் எவரும் ஒருப்படோம். அந்தத் துணிவுதான், நாமறியாமலே, மோட்டார் வண்டியில் நமக்கு வந்துவிடுகிறது.

“அப்படியானால் தாயையும் பிள்ளையையும் ஒரே பட்டியாற் சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்பதுண்டு. அது மடியிலும் தீது. மோதலின்போது தாயின் உடல் தன் முழு நிறையோடும் முன்னே சாய்ந்து, பட்டிக்கும் தனக்கும் இடையில் அகப்பட்ட பிள்ளையை நசுக்கிவிடும். பெரியவர்களுக்கான ஆசனப் பட்டியைப் பிள்ளைக்குத் தனியாக அணிவிப்பதும் ஆகாது. பெரியவர்களுக்கு அப்பட்டி இடுப்பெலும்பின் மீதும் தோளின் மீதும் படிகிறது. சிறு பிள்ளைக்கோ மேற்பட்டி கழுத்தை அறுக்கும். கீழ்ப்பட்டி மெல்லிய வயிற்றின் மீது ஏறிவிடும். ஆகவே பிள்ளையின் உடலுக்கென்றே அமைந்த ஆசனம் வேண்டியதாயிற்று.

முதுகு காட்டிப் பயணஞ் செய்தல்

பிள்ளைகளுக்கான மோட்டார் ஆசனங்கள் முதலில் தோன்றியபோது அவற்றின் நோக்கம் பாதுகாப்பு அன்று. பிள்ளை அங்குமிங்கும் தவழாமல் ஓரிடத்தில் இருக்கவும், சன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கவும் உதவிய உயர்ந்த கதிரைகளாகவே அவை இருந்தன. 1959ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து வொல்வோ நிறுவனத்தைச் சேர்ந்த நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் மூன்று இடங்களிற் பிணைக்கப்படும் ஆசனப் பட்டியை அமைத்தார். இன்று நாம் அணிவது அதனையே. அதே நாட்டிலே பேர்ட்டில் ஆல்ட்மன் என்னும் அறிஞர், விண்வெளி வீரர்கள் தமது உடலின் வடிவுக்கேற்ற ஆசனங்களில் முதுகு முழுவதும் படியச் சாய்ந்து பயணஞ் செய்வதை உற்று நோக்கினார். விசை முதுகு முழுவதும் பரவினால் உடல் அதனைத் தாங்கும் என்பதை உணர்ந்து, பிள்ளை வண்டியின் பின்புறத்தை நோக்கியிருக்கும் ஆசனமொன்றை அமைக்க முற்பட்டார். 1964ஆம் ஆண்டில் அத்தகைய ஆசனம் வொல்வோ வண்டியிற் பரீட்சிக்கப்பட்டது.

பின்னோக்கி இருத்துவதன் காரணம் பிள்ளையின் உடலமைப்பிலே தங்கியுள்ளது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு. இரண்டு வயதிலே ஐந்திலொரு பங்கு. வளர்ந்தவருக்கோ எட்டிலொரு பங்களவே. பிள்ளையின் தலை பெரிது, கழுத்து சிறிது. அக்கழுத்தின் எலும்புகளும் முற்றாக இறுகியவையல்ல. குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாகவே அவை இன்னும் இருக்கின்றன. முன்னோக்கி அமர்ந்த பிள்ளையின் மார்பை வார்கள் பற்றிக்கொள்ள, தலைமட்டும் முன்னே எறியப்படும்போது அந்த விசை முழுவதையும் கழுத்தே தாங்க வேண்டியிருக்கிறது. பின்னோக்கி அமர்ந்த பிள்ளைக்கோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் முதுகுப் பலகை ஒருங்கே ஏந்திக்கொள்ளும்.

இவ்வுண்மையைப் பிற நாடுகள் படிப்படியாகச் சட்டமாக்கின. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தெனசி மாநிலம் முதன்முதலாக, 1978ஆம் ஆண்டு முதல், சிறு பிள்ளைகளுக்கு ஆசனத்தைக் கட்டாயமாக்கியது. 1985ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மாநிலங்கள் அனைத்தும் இத்தகைய சட்டத்தை ஏற்றுக்கொண்டன. மோட்டார் வண்டிகளில், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நேரும் மரணங்களை இவ்வாசனங்கள் ஏறக்குறைய 54 சதவீதத்தாற் குறைக்கின்றன என அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் திணைக்களம் கணித்துள்ளது. அமெரிக்கப் பிள்ளை மருத்துவர் கழகம், இரண்டு வயது வரை பின்னோக்கி இருத்துக என 2011ஆம் ஆண்டிற் கூறியது. 2018ஆம் ஆண்டிலோ வயதெல்லையை நீக்கி, ஆசனத்தின் நிறை, உயர எல்லைகள் அனுமதிக்கும்வரை பின்னோக்கியே இருத்துக எனத் திருத்திக் கூறியது. நம் நாட்டிலே 2011ஆம் ஆண்டு முதல் சாரதியும் முன்னாசனத்திற் பயணஞ் செய்பவரும் பட்டி அணிவது கட்டாயமாயிற்று. அதே ஆண்டிலேதான் தெற்கு அதிவேகப் பாதையும் திறக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வண்டிகள் ஓடும் பாதை அது. வேகம் இருமடங்காகும்போது மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் மாணவர் தம் பெற்றோருக்கு எடுத்துக் கூறலாம்.

வயதா, அளவா?

இனிச் சிறிய உடல்வாகுள்ள பிள்ளையின் கதைக்கு வருவோம். “இரண்டு வயதாகிவிட்டது; இனி முன்னோக்கித் திருப்பி விடலாம்” என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். வயது ஒன்றைக் கொண்டு ஆசனத்தைத் தீர்மானித்தல் பிழை. உலக சுகாதார தாபனத்தின் வளர்ச்சி அட்டவணையின்படி இரண்டு வயதுப் பெண் பிள்ளையின் நடுத்தர நிறை 11.5 கிலோகிராம், ஆண் பிள்ளைக்கு 12.2 கிலோகிராம். ஆயினும் 9 கிலோகிராம் நிறையுள்ள பெண் பிள்ளையும் 9.7 கிலோகிராம் நிறையுள்ள ஆண் பிள்ளையும் அதே வயதிற் சாதாரண வளர்ச்சியின் கீழெல்லையிலே நிற்பவர்கள்தாம். எனவே ஒரே வயதுடைய இரு பிள்ளைகளுக்கு ஒரே வகையான ஆசனமும் ஒரே வகையான பொருத்தமும் அமையுமென எதிர்பார்க்கலாகாது.

நமக்கு இதில் ஒரு வசதியுண்டு. குடும்பநல மாது பிள்ளையை நிறுத்துக் குறித்துத் தரும் சுகாதார விருத்திப் பதிவேடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஆசனம் வாங்கச் செல்லும்போது அதனையும் கையோடு கொண்டு செல்லுங்கள். ஐரோப்பிய விதிகளுள் பழையது நிறையை அடிப்படையாகக் கொண்டது: 13 கிலோகிராம் வரைக்குமான பின்னோக்கிய ஆசனம், 9 முதல் 18 கிலோகிராம் வரைக்குமான ஆசனம் என்றவாறு. 2013ஆம் ஆண்டில் வந்த புதிய விதியோ பிள்ளையின் உயரத்தை அடிப்படையாகக் கொண்டு, 15 மாதம் நிறையுமுன் பிள்ளையை முன்னோக்கித் திருப்பலாகாதெனக் கூறுகிறது. ஆசனத்தின் பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டையிலே வட்டத்துக்குள் ‘ஈ’ எனும் ஆங்கில எழுத்தும், ஏற்ற நிறையோ உயரமோ குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஐந்து நிமிட வேலை.

பிள்ளை சிறியதாய் இருப்பது இவ்விடயத்திற் குறையன்று என்பதையும் தாய்மார் அறிந்து மகிழலாம். எடை மெதுவாகக் கூடும் பிள்ளை, பின்னோக்கிய ஆசனத்தின் எல்லையை மெதுவாகவே எட்டும். ஆகையால் மற்றப் பிள்ளைகளிலும் நெடுங்காலம் மிகப் பாதுகாப்பான முறையிற் பயணஞ் செய்யும். கால்கள் ஆசனத்தில் முட்டுகின்றனவே என்று கவலை வேண்டியதில்லை. பிள்ளைகள் காலை மடக்கியோ சப்பாணி கட்டியோ வசதியாக அமர்ந்து கொள்வர்.

பொருத்தம் பார்க்கும் முறை

செருப்புக்காகக் காலைத் தறிப்பதில்லை என்பார்கள் நம் முன்னோர். ஆசனத்துக்காகப் பிள்ளையை நெளியவிடுவதும் அத்தகையதே. கடையிலே ஆசனத்தின் நிறத்தையும் மெத்தையையும் பார்ப்பதற்கு முன், பிள்ளையை அதில் இருத்திப் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

முதலாவது, தோள்வார்கள் புறப்படும் துவாரம். பின்னோக்கிய ஆசனத்தில் வார்கள் பிள்ளையின் தோள்மட்டத்திலோ, அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். முன்னோக்கிய ஆசனத்தில் தோள்மட்டத்திலோ, அதற்குச் சற்று மேலிருந்தோ வரவேண்டும். சிறிய பிள்ளைக்கு இடர் தோன்றுவது இங்கேதான். சில ஆசனங்களின் மிகக் கீழான துவாரங்கூடச் சிறிய பிள்ளையின் தோளுக்கு மேலே நிற்கும். அத்தகைய ஆசனத்திற் பின்னோக்கி அமர்ந்த பிள்ளை, மோதலின்போது முதுகுப் பலகை வழியே மேலே வழுக்கிச் செல்லக்கூடும். ஆகவே சிறிய பிள்ளைக்கு ஆசனந் தேடுவோர், அதன் உச்ச எல்லையை அன்று, மிகக் கீழான துவாரம் எங்கே இருக்கிறதென்பதையே முதலில் அளக்க வேண்டும்.

இரண்டாவது, கால்களுக்கிடையே வரும் வார். அது பிள்ளையின் உடலை ஒட்டி மேலெழ வேண்டும். தூரத்தே நிற்குமாயின் பிள்ளை இடுப்பை முன்னே தள்ளிச் சரிந்துவிடும். பல ஆசனங்களில் இவ்வாரை முன்னும் பின்னும் மாற்றியமைக்க இரண்டு இடங்கள் உண்டு. சிறிய பிள்ளைக்கு உள்ளே இருக்கும் இடத்தையே தெரிவு செய்க. அப்படியும் இடைவெளி இருந்தால், ஆசனத்தின் கைந்நூல் இடங்கொடுக்குமாயின், சிறு துணியொன்றைச் சுருட்டிப் பிள்ளைக்கும் அவ்வாருக்கும் இடையில் வைக்கலாம்.

மூன்றாவது, இறுக்கம். பூட்டைப் பூட்டி வார்களை இறுக்கிய பின்னர், தோள்மீதுள்ள வாரைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நீளவாக்கிற் கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்கிடையே மடிப்பொன்று அகப்படுமாயின் வார் தளர்ந்திருக்கிறது. விரல்கள் வழுக்கிச் செல்லுமாயின் இறுக்கம் சரி. மார்பில் இணைக்கும் கிளிப் உள்ள ஆசனமாயின் அக்கிளிப் பிள்ளையின் அக்குள் மட்டத்தில் நிற்க வேண்டும், வயிற்றிலே தொங்கக்கூடாது.

நான்காவது, ஆசனத்தோடு வராத மெத்தைகள். சிறிய பிள்ளை ஆசனத்துள் தொலைந்து போனாற்போலத் தோன்றுவதைக் கண்டு, முதுகுக்குப் பின்னும் கீழும் தலையணை வைப்பதும், வேறு கடையில் வாங்கிய மெத்தையை விரிப்பதும் நல்ல எண்ணத்தில் நிகழும் பிழைகள். மோதலில் அம்மெத்தை நசுங்கும். அந்த அளவுக்கு வார்கள் தளரும். ஆசனத்தைச் செய்தவரே சிறிய பிள்ளைக்கெனக் கொடுத்த மெத்தை இருந்தால் அதனை மாத்திரம் பயன்படுத்துக. நுவரெலியாக் குளிருக்காகத் தடித்த மேலங்கி அணிவித்து வாரை இறுக்குவதும் இதையொத்த பிழையே. மெல்லிய உடையோடு வாரைப் பூட்டி, அதன் மேலே போர்வையைப் போர்த்துக.

ஐந்தாவது, ஆசனம் வண்டியோடு கொண்ட பிணைப்பு. பிள்ளையை வார் பிடிக்கிறது; ஆசனத்தை வண்டி பிடிக்க வேண்டுமன்றோ? பட்டி செல்லும் இடத்திலே ஆசனத்தைக் கையாற் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் 2.5 சென்டிமீற்றருக்கு மேல் அசையலாகாது. புதிய வண்டிகள் பலவற்றில் இருக்கையின் மடிப்புக்குள் ‘ஐசோபிக்ஸ்’ எனப்படும் இரும்பு வளையங்கள் உண்டு. அவற்றில் ஆசனத்தைக் கொளுவிவிடலாம். அவை இல்லாத வண்டியில் ஆசனப் பட்டியாலேயே உறுதியாகக் கட்டலாம். ஆசனத்தின்மீது முழங்காலை ஊன்றி அழுத்தியபடி பட்டியை இழுத்தால் தளர்வு நீங்கும். முன்னோக்கிய ஆசனத்துக்கு மேல்வார் இருந்தால் அதனையும் அதற்குரிய கொளுக்கியில் மாட்டத் தவறாதீர்.

ஆறாவது, இடம். பின்னிருக்கையே பிள்ளைக்கு உரிய இடம். முன்னால் காற்றுப்பை இயங்கும் இருக்கையிலே பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது. வெடித்து விரியும் அப்பை பிள்ளையின் தலைக்குப் பின்னுள்ள பலகையையே தாக்கும், பிள்ளை உயிரிழக்கக்கூடும்.

உறவினர் அனுப்பும் ஆசனம்

நம் குடும்பங்களுள் பலவற்றுக்குக் கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் உறவினர் உண்டு. அவர்கள் பிள்ளைகள் வளர்ந்தபின் அன்போடு கொடுக்கும் ஆசனங்கள் இங்கு வந்து சேர்வதுமுண்டு. அவற்றை மறுக்க வேண்டுமென நாம் கூறவில்லை. சில வினாக்களைக் கேட்டறிய வேண்டும் என்கிறோம். இவ்வாசனம் எப்போதாவது விபத்திற் சிக்கியதா? அதில் அச்சிடப்பட்டுள்ள பாவனைக் காலம் முடிந்துவிட்டதா? வார்களும் பூட்டும் முழுமையாக உள்ளனவா? கைந்நூல் இருக்கிறதா? விபத்திற்பட்ட ஆசனம் பார்வைக்குப் பழுதற்றதாய்த் தோன்றினும் உள்ளே வெடித்திருக்கலாம். வரலாறு அறியாத ஆசனத்தைத் தவிர்ப்பதே நன்று.

மறுபுறம், பிள்ளையோடு கனடா செல்லும் குடும்பத்தினர் இங்கிருந்து ஆசனம் கொண்டு செல்வதாற் பயனில்லை. அந்நாட்டின் மேப்பிள் இலை பொறித்த பாதுகாப்பு முத்திரை உள்ள ஆசனமே அங்கு ஏற்றுக்கொள்ளப்படும். இங்கிலாந்திலே 12 வயது வரை, அல்லது 135 சென்டிமீற்றர் உயரத்தை எட்டும் வரை, பிள்ளைக்குரிய ஆசனம் வேண்டும் என்பது சட்டம். பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இதனை அறிந்திருத்தல் நலம். “கிட்டத்தானே போகிறோம், என் மடியிலே இருக்கட்டும்” என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல்லால் மகளோ மருமகனோ தர்மசங்கடத்துக்கு உள்ளாகின்றனர்.

வாடகை வண்டியும் பிள்ளையின் அழுகையும்

எல்லோரிடமும் சொந்த வண்டி இல்லை. கட்டுநாயக்காவுக்கோ கலியாண வீட்டுக்கோ வான் ஒன்றை வாடகைக்குப் பேசும்போது, கட்டணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: பின்னிருக்கைகளிற் பட்டி உண்டா? உண்டெனின் ஆசனத்தை எடுத்துச் சென்று கட்டிக்கொள்ளலாம். முச்சக்கர வண்டியில் ஆசனத்தைப் பிணைப்பதற்கு இடமில்லை. வேறு வழியில்லாதபோது மெதுவாகச் செல்லும்படி சாரதியைக் கேட்டு, பிள்ளையைத் திறந்த பக்கத்தில் அன்றி நடுவில் வைத்திருப்பதே நம்மால் இயன்றது. தூரப் பயணத்துக்கு அதனைத் தெரிவு செய்யாதிருத்தல் நன்று.

நம் நாட்டு வெயிலையும் மறத்தலாகாது. வெயிலில் நின்ற வண்டியின் பூட்டு பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். நிறுத்திச் செல்லும்போது ஆசனத்தின்மேல் வெள்ளைத் துணியொன்றை விரித்துச் செல்லுங்கள். ஆசனத்திற் பிள்ளை உறங்கிவிட்டதென்று, ஒரு நிமிடத்துக்கேனும் அதனைத் தனியே வண்டியில் விட்டுச் செல்லற்க. மூடிய வண்டியின் வெப்பம் சிறிய உடலை மிக விரைவில் வருத்தும்.

இறுதியாக, பிள்ளையின் அழுகை. மடிக்குப் பழகிய பிள்ளை முதல் நாள் ஆசனத்தில் முதுகை வளைத்துக் கதறும். அழுகையைக் கேட்டு மனமிளகி ஒருமுறை கழற்றி எடுத்தால், அழுதால் விடுதலை கிடைக்கும் என்பதைப் பிள்ளை அன்றே படித்துவிடும். ஆசனத்தைச் சில நாள் வீட்டு விறாந்தையில் வைத்து அதில் இருத்தி விளையாட்டுக் காட்டுங்கள். பின்னர் சந்திக்கடைவரை செல்லும் சிறு பயணங்களோடு தொடங்குங்கள். நீண்ட பயணமாயின் இடையிடையே வண்டியை நிறுத்தி, பிள்ளையை எடுத்து அணைத்து, நீர் கொடுத்து மீண்டும் இருத்துங்கள். பெரியவர்களும் தம் பட்டியைத் தவறாது அணிந்தால், பிள்ளை அதனை வழக்கமாகவே கொள்ளும்.

மாதந்தோறும் பிள்ளையை நிறுக்கும் நாளிலேயே தோள்வாரின் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம். நிறை கூடியிருந்தால் துவாரத்தை மாற்ற வேண்டியிருக்கலாம். அந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள மூத்த பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். வண்டியின் திறப்பைத் திருப்புமுன், “தம்பியின் வாரைக் கிள்ளிப் பார்த்தாயிற்றா?” என்று கேட்பது அந்தப் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.